தலையணை உறைக்குள் ஒரு மடிப்பு

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவரை எல்லாரும் ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டில் விரிப்புகளை மடிக்கிற பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக நாளுக்கு அறுநூறு விரிப்பு. கை அதற்கே பழகிப்போய், வீட்டில் கைக்குட்டையோ பஸ் டிக்கெட்டோ எது கிடைத்தாலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, கத்தி மாதிரி மடித்து வைப்பார். உலகமும் அப்படி ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருக்க வேண்டும் என்று நம்புகிற ஆள். பாவம், உலகம் அவருக்கு மடிந்து கொடுத்ததே இல்லை.

கிரிக்கெட்டைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பைத்தியம் அவர் மனைவிக்கு. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள், மேட்ச் நாளில் தையல் மிஷினை டிவிக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொள்வாள். பந்து போடுகிறவன் ஓடிவரும்போது மிஷின் நிற்கும். பந்து கீப்பர் கைக்குப் போனதும் மறுபடி ஓடும். பக்கத்தில் ஒரு நோட்டு, பேனா. ஒவ்வொரு பந்தையும் எழுதிவைப்பாள். கல்யாணமான புதிதில், “ஒரு தடவையாவது உன்னை கிரவுண்டுக்கே கூட்டிட்டுப் போறேன்” என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. வாக்கு அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. போன வருஷம் இரண்டு பேரும் ஆன்லைன் டிக்கெட்டுக்காகப் போனில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் பேர். இரண்டு மணி நேரம் போனைச் சார்ஜரிலிருந்து கழற்றாமல் காத்திருந்தால், முறை வந்தபோது டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று திரை சொன்னது.

“ஆரம்பிச்ச நாலே நிமிஷத்துல தீந்துபோச்சாம். அப்போ நம்மள எதுக்குங்க ரெண்டு மணி நேரம் நிக்க வச்சாங்க?” என்றாள் மனைவி.

மடிப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சூட்டோடு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு மூன்று பக்க மனு எழுதினார். வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஓசியில் வருகிற டிக்கெட் எல்லாம் மேல்மாடிக்கே போகிறதே, கீழே சலவைக்கூடத்தில் இருப்பவர்களுக்குக் கண் இல்லையா, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டிருந்தார். யாரும் படிக்கமாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதியது. யாரோ படித்துத் தொலைத்துவிட்டார்கள். இந்த வருஷ இறுதி ஆட்டத்துக்குச் சலவைக்கூடத்துக்கென்று இரண்டு டிக்கெட் வந்துவிட்டது, ‘நீங்களே நியாயமாக முடிவு செய்துகொள்ளுங்கள்’ என்ற குறிப்போடு.

கேட்கவேண்டுமா! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து எட்டு விதிகள் எழுதி, விரிப்பு அலமாரிக்கு மேலே ஒட்டினார். நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. நடத்துகிறவரும் சீட்டுப் போடலாம். வென்றவருக்கு இரண்டு டிக்கெட்டும். ஆறாவது விதி, டிக்கெட்டை யாருக்கும் கைமாற்றக் கூடாது. ஏழாவது விதி, துணைக்கு யாரை வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம். இந்த ஏழாவதை எழுதும்போது மனைவியின் முகம் மனதில் வந்து போனதை அவர் மறுக்கமாட்டார்.

மத்தியான இடைவேளையில் குலுக்கல். வெளுத்து வந்த தலையணை உறை ஒன்றில் எல்லாரும் தங்கள் பெயரை எழுதிச் சுருட்டியும் கசக்கியும் போட்டார்கள். கடைசியாக மடிப்பு தன்னுடையதைப் போட்டார். கையை உள்ளே விட்டார். முதலில் விரலில் பட்டதே ஒரு கூர்மையான ஓரம். ஓரத்தோடு ஓரம், நகத்தால் இழுத்த மடிப்பு. ஐயையோ, தன் சீட்டு!

நாற்பது பேர் கண்ணும் அவர் கைமேல். ‘நடத்தினவனே எடுத்துக்கிட்டான் பாரு’ என்று ஒரு குரல் காதில் விழுந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை என்பது வேறு விஷயம். பத்தொன்பது வருஷத்துப் பேர் ஒரு நொடியில் போய்விடுமே! சீட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் கசங்கிக் கிடந்த ஒன்றை எடுத்தார். அழுக்கு விரிப்புகளை எண்ணி வாங்குகிற எண்ணிக்கை அக்காவின் பெயர் வந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனதும், மெடல் வாங்கி வந்தவர் போல மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

“அது உங்க சீட்டுதான்னு நல்லாத் தெரியுமா?”

“என் கை மடிப்பு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சே விட்டுட்டீங்க.”

“நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்ல?”

“நாப்பது பேரு சீட்டு போட்டீங்க. ஒருத்தர் சீட்டு கையில வந்தும் விட்டுட்டீங்க. அப்போ முப்பத்தொம்போது பேருக்குத்தானே குலுக்கல் நடந்துச்சு? இதுல எங்கங்க நியாயம்?”

அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“அந்தப் போன்லயாவது நான் யாருன்னு தெரியாம வெளிய நிறுத்தினாங்க. நீங்க தெரிஞ்சே நிறுத்திட்டீங்க” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மிஷினை மிதித்தாள். ஊசிக்குக் கீழே துணி இல்லாமலே அது ஓடியது. மடிப்புக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, வழக்கம்போல அதையும் நாலாக மடித்து வைத்தார். தன் கையைப் பார்க்க அவருக்கே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் எண்ணிக்கை அக்கா வந்து நின்றாள்.

“தம்பி, ஓவர்னா எனக்கு வேலை முடிஞ்சுதுன்னுதான் அர்த்தம். இத நீயே வச்சுக்க.”

“முடியாதுக்கா. ஆறாவது விதி. கைமாத்தக் கூடாது.”

“எவன் எழுதினான் அத?”

“நான்தான்.”

“நல்லா எழுதின போ! சரி, துணைக்கு யார வேணா கூட்டிட்டுப் போலாமா?”

“ஏழாவது விதி. போலாம்.”

“அப்போ உன் பொண்டாட்டிய அனுப்பு. எப்பக் கைதட்டணும்னு எனக்குச் சொல்ல ஆளு வேணும்.” அக்கா குரலைத் தாழ்த்தவெல்லாம் இல்லை. “உன் சீட்ட நீ தொட்டுட்டு விட்டத எல்லாருந்தான் பாத்தோம். நூறு தடவ வெளுத்த உறைடா அது, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எடுத்துடு, எடுத்துடுன்னு நாங்க மனசுக்குள்ள கத்தினோம்.”

“யாரும் ஒண்ணும் பேசலியாக்கா?”

“பேசாம என்ன? இப்படியும் ஒரு அசடு இருக்குமான்னு பேசினோம்.”

எந்தப் பேச்சுக்குப் பயந்து மனைவியின் இருபத்திரண்டு வருஷத்தைக் கைநழுவ விட்டாரோ, அந்தப் பேச்சு கடைசியில் இதுதான். மடிப்பு ஒரு விரிப்பை எடுத்து உதறினார். அன்றைக்கு ஓரம் சேரவே இல்லை.

ஆட்டத்தன்று மனைவி நோட்டையும் பேனாவையும் பைக்குள் வைத்துக்கொண்டு அக்காவோடு கிளம்பினாள். பத்து நாளாக அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும், “சோறு ஆறிடும், நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்பதோடு சரி. அவர் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து டிவியைப் போட்டார். ஸ்கோரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கு இடிக்கப் பார்த்தார். அத்தனை ஆயிரம் தலையில் அவள் தலை எது?

பாதி ஆட்டத்தில் போன் அடித்தது. ஒரே இரைச்சல்.

“என்னங்க, கேக்குதா? டிவியில பாக்கறதெல்லாம் ஒண்ணுமே இல்லங்க! பந்து பேட்டுல படுற சத்தம் எனக்கு இங்க வரைக்கும் கேக்குது!”

“கேக்குதும்மா” என்றார்.

“எங்க பக்கத்துல ஒரு நாற்காலி ஆரம்பத்துலேர்ந்து காலியாவே கெடக்குங்க. இத்தன பேரு டிக்கெட் கெடைக்காம அல்லாடுறாங்க, இத வாங்கினவரு வரவே இல்ல. யாரோ என்னமோ.”

“அவரும் என்னைய மாதிரி யாராவது பெரிய நியாயஸ்தரா இருப்பாரு” என்றார் மடிப்பு.

இரைச்சலுக்கு மேலே அவள் சிரிப்பது கேட்டது. பத்து நாளைக்கு அப்புறம் கேட்கிற சிரிப்பு.

“அதுல என் பைய வச்சிருக்கேன். யாராவது கேட்டா, எங்க வீட்டுக்காரரு வந்துட்டே இருக்காருன்னு சொல்லிக்கறேன்” என்றாள்.