அண்ணனின் பாடு, தம்பியின் படகு

போன சனிக்கிழமை, அதாவது தை மாதத்தின் இரண்டாவது சனி, பழவேற்காடு ஏரியின் நடுவே எங்கள் படகோட்டி தேசப்பன் திடீரென இன்ஜினை அணைத்தார்.

டீசல் தீர்ந்துவிட்டதா? ரிப்பேரா? நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அலட்டிக்கொள்ளாமல் ஒரு நீளமான கழியை எடுத்து, சேற்றில் ஊன்றிப் படகைத் தள்ள ஆரம்பித்தார்.

ஏரிக்குள் இருக்கும் மீனவத் தீவு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எப்படிப் போவது, என்ன எடுத்துப்போவது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்லிவிடுகிறேன். பொன்னேரி வரை மின்சார ரயில், அப்புறம் பஸ், அப்புறம் படகு. குடிதண்ணீரும் தொப்பியும் கட்டாயம். தீவில் பெட்டிக்கடைதான், ஏ.டி.எம். தேடாதீர்கள். பூநாரைகளை இஷ்டம்போலப் படம் எடுங்கள், மனிதர்களை மட்டும் கேட்டுவிட்டு. கொண்டுபோன பிளாஸ்டிக்கைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கரையில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் வெட்டியிருக்கும் தேதிகளைப் படிக்க எனக்கு அரை நாள் வேண்டும். உங்களுக்கு அரை மணி போதும்!

இன்னொன்று... அவசரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நான் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

"இன்ஜின் போட்டா சீக்கிரம் போயிடலாமே?" என்றேன்.

"அங்க பாரு சார்." தேசப்பன் தாடையால் காட்டினார். கொஞ்ச தூரத்தில் ஒரு படகு. அதில் வலையோடு ஒருவர். "இன்னிக்கு இந்த எடத்துல பாடு அவனுது. இன்ஜின் சத்தத்துக்கு இறால் கலைஞ்சி பூடும்."

பாடு என்றால் முறை. ஏரியில் ஒவ்வொரு இடத்திலும் வலை போட ஆளுக்கொரு நாள். இன்று தவறினால், சுற்று முடிந்துதான் மறுபடி வரும்.

"உங்க ஃப்ரெண்டா?" என்று கேட்டாள் என் மனைவி.

"எங்கண்ணன்க்கா. பேச்சுவார்த்த இல்ல."

காரணம்? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவராம். அது யார் பக்கம் ஒரு சாண் தள்ளி எழும்பியது என்பதில் தகராறு. போன தையிலிருந்து முகத்தைப் பார்ப்பதில்லை.

"அப்புறம் எதுக்கு அவருக்காக இன்ஜினை நிறுத்தறீங்க?"

"இன்னாக்கா நீ... செவுரு கரையில கீது. இது தண்ணி."

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே அவராகச் சொன்னார். "நாளிக்கு அவன் பொண்ணுக்கு வளகாப்பு. இறால் வுழுந்தாதான் பந்தி நல்லா இருக்கும். என் தோள் மேலயே வளந்த பொண்ணுக்கா அது. ஊருக்கே சொன்னான்... எனக்குத்தான் சொல்லல."

பூநாரைகள் கூட்டமாக எழுந்து பறந்தன. எங்கள் இருவருக்குமே போனை எடுக்கத் தோன்றவில்லை.

தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் அதே வழியில் திரும்பினோம். மறுபடியும் இன்ஜின் அணைந்தது; கழி வெளியே வந்தது. இந்த முறை அண்ணனின் படகு பக்கத்திலேயே இருந்தது. கூடை நிறைய இறால் துள்ளிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"அம்மா!" அண்ணன் என் மனைவியைக் கூப்பிட்டார். "உங்க போட்காரருக்கு நாளிக்கு வேல எதுனா கீதானு கேளுங்க."

அவளும் திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற தேசப்பனிடம் ரொம்ப சீரியஸாகக் கேட்டாள்.

"சவாரி கீதுனு சொல்லுக்கா."

சொன்னாள்.

"சித்தப்பன் வராம வளையலுக்குக் கை நீட்ட மாட்டேன்னு ஒக்காந்துனு கீது பொண்ணு. அத்தச் சொல்லுங்க."

தேசப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில் இறங்கி, காற்று சில்லென்று வீசிக்கொண்டிருந்த நேரம் அது.

"சவாரிய வேற ஆளுக்குக் குட்த்துட்றேன், காலம்பறவே வந்துட்றேன்னு... சொல்லுக்கா."

என் மனைவி திரும்பி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்:

"கேட்டுச்சுடா."