வார்த்தை ஏறாத இரண்டாம் பக்கம்

டெட்ராய்ட்டில் கிராஷியட் சாலைப் பேருந்தை ஓட்டும் லவெல் பெட்வேக்கு இன்னொரு பெயர் உண்டு: ப்ரொஃபசர் வெல். பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை; அவரே கொடுத்துக்கொண்டார். ராப் பாடுகிறவன் கெட்ட வார்த்தையை நம்பிப் பிழைக்கக் கூடாது, அகராதியை நம்பிப் பிழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நாற்பத்து மூன்று வயதாகியும் அகராதி சோறு போடவில்லை. பேருந்துதான் போட்டது.

அவருக்குக் கூட்டாளி ஆர்லிஸ் ஸ்டோக்ஸ். பகலில் வீடு வீடாகப் போய்க் கணப்பு இயந்திரங்களைப் பழுது பார்ப்பார்; மிச்ச நேரமெல்லாம் தன் வீட்டு நிலவறையில் பழைய இசைத்தட்டுகளைத் துண்டு போட்டு பீட் செய்வார். ஒரே ஒரு டிரம் அடிக்காக மூன்று மாதம் அலைந்தவர். அந்த மூன்று மாதத்தில் அவர் மனைவி தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். ஆர்லிஸ் இன்னும் கவனிக்கவில்லை.

ஒருவர் பாட்டு, ஒருவர் பீட், வேறு யாரும் உள்ளே நுழையக் கூடாது, முழு இசைத்தட்டும் இருவர் பெயரில் என்று ஒப்பந்தம். இரண்டு ஆண்டுகள் வேலை நடந்தது. முதல் பக்கம் வழக்கமான பீற்றல்தான்: ஊரிலேயே நான்தான் ராஜா, மற்றவனெல்லாம் தூசு. இரண்டாம் பக்கத்தின் ஐந்து பாட்டும் லவெலின் அப்பாவைப் பற்றியவை. எல்ஜின் பெட்வே, வயது எழுபத்தெட்டு, கார்த் தொழிற்சாலையில் தகடு அடித்துக் காது பாதி போனவர், தேவாலயத்தில் பாதிரியாருக்கு உதவும் டீக்கன். மகன் பாடியதில் ஒரு பாட்டைக்கூட அவர் கடைசிவரை கேட்டதில்லை.

"அதுல சத்தத்தைத் தவிர என்னடா இருக்கு? வார்த்தையே இல்லையே" என்று தன் பத்தொன்பது வயதில் அவர் சொன்னதை லவெல் மறக்கவில்லை. பேருந்து கடைசி நிறுத்தத்தில் நிற்கும் பத்துப் பத்து நிமிடங்களில் உட்கார்ந்து, நோட்டில் அடித்துத் திருத்தி எழுதிய ஐந்து பாட்டும் அந்தக் கிழவரின் வாயை அடைக்கத்தான்.

பீட் கையில் வந்ததும் யாரும் உடனே வார்த்தை எழுதிவிடுவதில்லை. முதலில் வாய்க்கு வந்த முணுமுணுப்பைப் பாடிப் பதிவு செய்துகொள்வார்கள். எங்கே மூச்சு விடுவது, எங்கே ஏறுவது என்று பிடிபடத்தான். வீடு கட்டச் சாரம் கட்டுகிற மாதிரி. வார்த்தை வந்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும்.

ஆனால் ஆர்லிஸ் எதையும் அழிக்க மாட்டார், ஒழுங்காகப் பெயரும் வைக்க மாட்டார். அன்று என்ன சாப்பிட்டாரோ அதுதான் கோப்பின் பெயர். லவெல் பாட வரும் வெள்ளிக்கிழமைகளில் பொரித்த கெளுத்தி மீன் வாங்கி வருவார். இரண்டாம் பக்கத்தின் ஐந்து பாட்டும் ஒரே கோப்பு. ஆகவே முணுமுணுப்பும் கெளுத்தி, வார்த்தையும் கெளுத்தி. கெளுத்தி 1 முதல் கெளுத்தி 46 வரை.

தட்டு அச்சடிக்கிற ஆலை வழக்கப்படி முதலில் ஒரு மாதிரித் தட்டு அனுப்பியது. கேட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அந்த வாரம் லவெல் கோபத்தில் இருந்தார். அட்டையில் யார் பெயர் முதலில் என்று எட்டு மாதம் சண்டை போட்டு, கடைசியில் அகர வரிசைப்படி ஆர்லிஸ் ஜெயித்திருந்தார். "நீயே கேட்டுக்கோ, உன் பேர்தானே முன்னாடி இருக்கு" என்று லவெல் ஃபோனை வைத்துவிட்டார்.

ஆர்லிஸ் கேட்டார். நாலு தடவை கேட்டார். டிரம்மை மட்டும் கேட்டார். டிரம் பிரமாதம். சரி என்று எழுதி அனுப்பினார். முந்நூறு தட்டுகள் அச்சாகி வந்தன.

சனிக்கிழமை மதியம் இசைத்தட்டுக் கடையில் வெளியீடு. மடக்கு நாற்காலிகள், நாற்பது பேர். யாரும் பேசாமல் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. கிழவரை எப்படியோ சம்மதிக்க வைத்து, தேவாலயக் கோட்டோடு முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார் லவெல். முதல் பக்கம் ஓடி முடிவதற்குள் கிழவர் மூன்று தடவை கடிகாரம் பார்த்தார்.

தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பீட் எழுந்தது. பின்னாலேயே ப்ரொஃபசர் வெல்லின் குரல்:

"நா நா ஹே, டும்ம நா, ம்ம்ஹூம், டக டக நா..."

லவெல் ஆர்லிஸின் முழங்கையைப் பிடித்து நெரித்தார்.

"டேய், என்னடா இது?"

"கெளுத்தி பதினொண்ணு."

"இருபத்தொம்பதுடா! இருபத்தொம்பதைத்தானே அனுப்பச் சொன்னேன்!"

"ரெண்டுமே மீன்தானேடா. டிரம்மைக் கேளு, எப்படி விழுது பாரு."

"உன் டிரம்முல இடி விழ!"

"உஷ்ஷ்" என்றது பின்வரிசை. ஐந்து பாட்டு, பத்தொன்பது நிமிடம். ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் ஒரு இடத்தில் லவெல் இருமியதுகூடப் பதிவாகியிருந்தது.

முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இணையத்தில் இசை விமர்சனம் பேசும் பையன் ஒருவன் கண் கலங்க ஓடி வந்தான். "அங்கிள், சொல்லில் அடங்காத வலின்னு வார்த்தையையே விட்டுட்டீங்க பாருங்க! அந்த இருமல் இருக்கே... நம்ம ஊரே இருமுற மாதிரி இருந்துச்சு."

வார்த்தைகளை விடவில்லை, இரண்டு வருடம் குந்தி எழுதினேன் என்று சொல்ல லவெல் வாயைத் திறந்தார். அதற்குள் ஆர்லிஸ் முந்திக்கொண்டார். "அது நாங்க சேர்ந்து எடுத்த முடிவு, தம்பி." கூட்டாளி என்றால் இப்படித்தான் இருப்பார்கள்.

கிழவர் மெல்ல எழுந்து வந்து மகன் தோளில் தட்டினார்.

"நல்லா இருந்துச்சுடா."

"எது?"

"ரெண்டாவது. மொதல்ல ஒருத்தன் வளவளன்னு பேசிக்கிட்டே இருந்தானே, அவனை இனிமே சேர்த்துக்காதே."

அவனும் நான்தான் என்று லவெல் சொல்லவில்லை. அப்பாவைப் பழைய ப்யூக் காரில் ஏற்றினார், வண்டியைக் கிளப்பவில்லை. சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார்.

"அப்பா, அந்த ரெண்டாவது பக்கத்துக்கு வார்த்தை இருக்கு. தப்பா அச்சாயிடுச்சு. வாசிக்கிறேன், கேக்கணும்."

"அம்பது பேர் கைதட்டினாங்களேடா."

"நாப்பது பேர். அவங்க கெடக்காங்க. நீங்க கேளுங்க."

கிழவர் காதுக் கருவியைத் திருகிக்கொண்டார். லவெல் வாசித்தார். பீட் இல்லை, டிரம் இல்லை. பிடித்துத் தொங்க எதுவும் இல்லாமல் அகராதி வார்த்தைகள் காருக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றில் பாதி லவெலுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாம் பாட்டில் 'முப்பத்தோராண்டு தகடு அடித்தாய்' என்ற வரி வந்தது.

"நிறுத்து" என்றார் கிழவர்.

அவ்வளவுதான், தூங்கப் போகிறார் என்று லவெல் நினைத்தார்.

"முப்பத்தொண்ணு இல்ல. முப்பத்திரண்டு."

"என்னப்பா?"

"முப்பத்திரண்டு வருஷம். அப்புறம் ரெண்டாவது பாட்டுல ராத்திரி ஷிஃப்ட்ல விரல் போச்சுன்னு எழுதியிருக்க. அது காலை ஷிஃப்ட். விரலும் என்னுது இல்ல, பக்கத்து மெஷின்காரன் ஹோபர்ட்டோடது. எவன் சொன்னான் உனக்கு இதெல்லாம்?"

லவெல் பேனாவைத் தேடி எடுத்தார். ஆனாலும் ப்ரொஃபசர் ப்ரொஃபசர்தானே.

"முப்பத்திரண்டுன்னு போட்டா அடுத்த வரியோட எதுகை உடையுதுப்பா."

"உடைஞ்சா உடையட்டும். நீ வேலைக்குப் போனியா, நான் போனேனா? எழுது. எழுதிட்டு மொதல்லேர்ந்து வாசி."