பூண்டிப் பூங்காவில் நான் படித்த பலகை

தண்ணீர் தெளித்த புல்லின் வாசமும், அம்மா தூக்கில் கட்டி எடுத்து வந்த புளிச்சோற்றின் வாசமும் ஒன்றாய்க் கலந்தால் எனக்கு அதுதான் காணும் பொங்கல். அறுபதுகளில் கடம்பத்தூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் சேற்றை மறந்து, வெளுத்த துணி உடுத்தி, பூண்டி ஏரிப் பூங்காவுக்கு நடந்தே போகும். பிற்பாடு நான் காரில் போகாத பூங்கா இல்லை. ஊட்டியும் பார்த்தவன், மைசூரும் பார்த்தவன். ஆனால் ஒன்பது வயதில் அந்தப் புல்வெளியைப் பார்த்து அம்மா சொன்னதற்கு ஈடாக எங்கும் எதையும் கேட்டதில்லை: "அம்மாடி, மாடு வாய் வெக்காத புல்லுடா!" தினமும் பிறர் மாட்டுக்குப் புல் அறுத்தவள் அவள், பேசும்போதே கை தானாக ஒரு பிடி பிடுங்கிவிட்டது.

அன்றைக்கு எனக்கு ஒரு கண்டம் இருந்தது. என் படிப்பை நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பும்படி, கூட வந்த பெரியப்பா "நைனா"வை, அதாவது என் அப்பாவை, வழியெல்லாம் அரித்துக்கொண்டே வந்தார். புல்வெளி ஓரம் நட்டிருந்த "போர்டை"க் கைத்தடியால் தட்டினார்.

"மூணு வருசமா ஸ்கூலுக்குப் போறாரே தொரை, இத்தப் படிக்கச் சொல்லு பாப்போம். படிக்கலேன்னா நாளைக்கே மாட்டாண்ட அனுப்பு."

நைனாவும் தலையாட்டிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எழுத்து தெரியாது. உள்ளதைச் சொன்னால், எனக்கும் தெரியாது. ஆனால் துணிச்சலுக்கு நான் எப்போதும் குறை வைத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "குடும்பத்தோடு வந்தவர்கள் இங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று பள்ளிக்கூட ராகத்தில் இழுத்தேன். பெரியப்பாவே முதல் ஆளாய்ச் சம்மணம் போட்டார்.

இரண்டாவது வாய் சோறு இறங்கவில்லை, காவல்காரர் கம்போடு ஓடி வந்தார். "யோவ், எழுந்திரு! போர்டு கண்ணுக்குத் தெரியல?"

"எம்புள்ள படிச்சி சொல்லித்தான்யா உக்காந்தோம்" என்றார் நைனா.

"இன்னாடா போட்டுகீது அதுல?"

நான் எழுந்து நின்று மறுபடியும் படித்தேன். இந்தத் தடவை, "காவல்காரரும் கூடச் சேர்ந்து சாப்பிடலாம்" என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் பலகையை மேலும் கீழும் பார்த்த பார்வையிலேயே அவருக்கும் எழுத்து தெரியாது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. "என்னாண்ட வேற மாரி இல்ல சொன்னாங்க" என்று முனகிக்கொண்டே அம்மா நீட்டிய இலையை வாங்கினார். மாட்டுப் பேச்சை அதற்குப் பிறகு பெரியப்பா எடுக்கவேயில்லை.

திரும்பி வரும்போது அம்மா என்னைப் பின்னால் இழுத்து நிறுத்தினாள். "ஏண்டா, அந்தாளு வந்தப்புறம் நீ படிச்சது நீண்டுகினே போச்சே, போர்டு அதே அளவுதானே கீது?" நான் முன்னால் நழுவப் பார்த்தேன்; அவள் கையை விடவில்லை. "யாராண்டையும் சொல்லமாட்டேன். அடுத்த வருசம் நெசமா படிக்கணும்."

அந்த ஒரு வருடம் நான் படித்த மாதிரி பட்டம் வாங்கியவன்கூடப் படித்திருக்க மாட்டான். அடுத்த காணும் பொங்கலுக்கு அதே பலகை முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி, அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி படித்தேன்: "புல் தரையில் உட்காரக் கூடாது."

அம்மா இப்படியும் அப்படியும் பார்த்தாள். "அது கெடக்கட்டும். போன வருசம் படிச்சதே நல்லா இருந்திச்சி" என்று சொல்லி, துணியை உதறி விரித்தாள்.

அஞ்சாவதோடு என் படிப்பு முடிந்தது. லேத் பட்டறையில் இரும்புத்தூள் பெருக்கிய கை, இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் சொந்தக் கம்பெனி நடத்துகிறது. போன மாதம் பூண்டிக்குப் போனேன். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் புல்லும் இல்லை, பலகையும் இல்லை. சிமெண்டுத் தரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

என் கம்பெனி வாசலில் புல் வளர்த்திருக்கிறேன். போர்டு ஒன்று வைக்கலாம் என்று மேனேஜர் இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். மத்தியானம் மணி அடித்தால் ஆட்கள் டிபன் கேரியரோடு அங்கேதான் வந்து உட்காருகிறார்கள்.