பகல் பாலை நிறுத்தச் சொன்னது யார்

என் பிள்ளையின் நிறை குறைந்ததற்குக் காரணம் நீங்கள்தான், மிஸ். நானும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. மிஸ் என்று நான் சொல்வது எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவை. மாதத்தில் ஒரு நாள் ஸ்கூட்டியில் எங்கள் ஊருக்கு வருவார். பொதுநோக்கு மண்டபத்தில் கிளினிக் நடக்கும். கூரை வளையில் தராசைக் கொழுவி, பிள்ளைகளைத் துணித் தொட்டியில் இருத்தி நிறை பார்ப்பார். தாய்மார் நாங்கள் சுவரோரம் வாங்குகளில் இருப்போம். யாருடைய பிள்ளை எத்தனை கிலோ, யார் என்ன ஏச்சு வாங்கினார் என்பதெல்லாம் எல்லாருக்கும் கேட்கும். மண்டபத்தில் ஒரு மறைப்பும் கிடையாது.

இனி உங்களோடு பேசுகிறேன், மிஸ்.

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் சோறு தொடங்கினேன். நீங்கள் சொன்னபடிதான். சிவப்பரிசியைக் குழைய அவித்து, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, என் பாலையே கொஞ்சம் பீய்ச்சி விட்டுக் குழைத்தேன். புளியங்குளத்துக் கடையில் இதற்கென்றே ஒரு சின்னக் கரண்டி வாங்கி வைத்திருந்தேன். முதல் நாள் நாக்கால் வெளியே தள்ளினாள். இரண்டாம் நாளும் தள்ளினாள். மூன்றாம் நாள் ஒரு கரண்டி உள்ளே போனது. என் கணவர் மேசன்மாருக்குக் கூலியாகப் போகிறவர். அன்று பின்னேரம் அவர் சீமெந்துக் காலோடு வாசலில் நிற்கும்போதே அந்த ஒரு கரண்டியைப் பற்றிச் சொன்னேன். முதல் பிள்ளை. எங்களுக்கு அது பெரிய விஷயம்.

அந்த மாதம் முழுக்கப் பருப்பு, பூசணிக்காய், கரட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நல்ல நாளென்றால் நாலு கரண்டி. மற்ற நாட்களில் பாயிலும் என் சட்டையிலும்தான் சோறு. ஆனால் பால் நன்றாகக் குடித்தாள். உருண்டு உருண்டு குசினி வாசல்வரை வந்துவிடுவாள். ஒரு குறையும் இருக்கவில்லை.

ஏழாம் மாதம் தராசு ஏழு கிலோ இருநூறு காட்டியது. நீங்கள் பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியில் புள்ளி போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"எத்தினை கரண்டி தின்னுது?"

"நாலு, மிஸ்."

"பால் எத்தினை தரம் குடுக்கிறனீர்?"

"கேக்கிற நேரமெல்லாம், மிஸ்."

"அதுதானே பாத்தன். பால் குடிச்சு வயிறு முட்டிக் கிடக்கிற பிள்ளை சோறு தின்னுமே? பகலில பாலை நிப்பாட்டும். விடிய ஒருக்கா, படுக்கேக்க ஒருக்கா, அவ்வளவு காணும். பசிச்சால் தானா வாயைத் திறக்கும்."

"அழுதால், மிஸ்?"

"அழட்டும். அழுது செத்த பிள்ளை ஒண்டையும் நான் காணேல்லை."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஓம் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வந்து, சொன்னதைச் செய்தேன்.

முதல் நாள் பத்து மணிக்குள் அழத் தொடங்கினாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கரண்டியை நீட்டினேன். தட்டிவிட்டாள். மத்தியானம் அழுது களைத்துத் தூங்கினாள். எழும்பி மறுபடி அழுதாள். எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகியது. பிள்ளை உள்ளே பாயில் கிடந்து கத்த, நான் வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு தம்ளருக்குள் பீய்ச்சினேன். கொஞ்சத்தைச் சோற்றில் விட்டேன். மிச்சத்தைப் பப்பாசி மரத்தடியில் ஊற்றினேன். பகலில் பால் இல்லை என்றால் இல்லை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அடிக்க வேண்டும்போல இருக்கிறது. குடிக்கிற வாய் பத்தடி தூரத்தில் திறந்து கிடக்கிறது, நான் மரத்துக்கு ஊற்றுகிறேன்.

நீங்கள் சொன்னதுபோல அவள் தானாக வாயைத் திறக்கவில்லை. கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பப் பழகினாள். கன்னத்தை அழுத்தி வாயைத் திறக்க வைத்து ஊட்டினேன். அதையும் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. தொண்டையில் சிக்கி ஓங்காளித்தாள். பிறகு சோற்றை இளக்கினேன். அதற்குப் பிறகு இன்னும் இளக்கினேன். கடைசியில் அது கஞ்சித் தண்ணியாகிவிட்டது. அதை மட்டும் குடித்தாள். வயிறு உப்பும். ஒரு மணித்தியாலத்தில் மூத்திரமாகப் போய்விடும்.

இரண்டு கிழமையில் என் சட்டை நனைவது நின்றுவிட்டது. விடியக் கொடுக்கிற பாலும் குறைந்தது. இரண்டு இழுப்பு இழுப்பாள், விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுவாள். பகலில் கேட்காத பால் விடியவும் சுரக்காது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு மா பிஸ்கட்டை என் பால்தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தேன். காலையிலிருந்து அவள் ஒன்றும் தொடவில்லை. பிஸ்கட்டைச் சப்பினாள். பாதி தின்றாள். ஏதோ ஒன்று வயிற்றுக்குள் போனதே என்று இருந்தது. அடுத்த கிளினிக்கில் நீங்கள் தேத்தண்ணி என்று சொன்னபோது என் முகம் மாறியது அதனால்தான். நீங்கள் நினைத்த காரணத்துக்காக இல்லை.

எட்டாம் மாதம் தராசு ஆறு கிலோ எண்ணூறில் நின்றது. கொப்பியில் கோடு பச்சையிலிருந்து இறங்கிச் செம்மஞ்சளுக்குள் விழுந்தது. நீங்கள் பேனையை மேசையில் போட்டீர்கள்.

"என்ன குடுக்கிறனீர் இந்தப் பிள்ளைக்கு?"

"சோறு, மிஸ். நீங்க சொன்னபடி பகலில பாலை…"

"நான் சொன்னபடியோ? நான் பிள்ளையைக் காயப்போடச் சொன்னனானே? உண்மையைச் சொல்லும். தேத்தண்ணிதானே குடுக்கிறனீர்?"

பிஸ்கட் தோய்த்த அந்த ஒரு நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

"பாருங்கோ, முகத்தில தெரியுது. உங்கட ஆக்கள் தேத்தண்ணியைப் பருக்கித்தானே பிள்ளை வளக்கிறது. எத்தினை தரம் சொன்னாலும் திருந்த மாட்டினம்."

என் அப்பா கைப்பிள்ளையாக மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்குக் கொண்டுவரப்பட்டவர். காடு வெட்டிய காணியில் வளர்ந்தவர். நான் இங்கேயே பிறந்தேன். தேயிலைச் செடியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மற்றத் தாய்மாரை நீங்கள் என்பீர்கள், என்னை நீர் என்பீர்கள், அதை நான் இவ்வளவு காலமும் பெரிதாக எடுத்ததில்லை. அன்று இருபது பேர் முன்னால் "உங்கட ஆக்கள்" என்றபோது என் கையில் பிள்ளை இருந்தது. அவளும் அந்த ஆக்களில் ஒன்றுதான். ஆறு கிலோ எண்ணூறு.

பெரியாஸ்பத்திரிக்குக் காட்டச் சொல்லித் துண்டு எழுதித் தந்தீர்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த காணி அக்காவும் என்னோடு நடந்து வந்தா. அவாவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தது. அவாவின் இரண்டாவது பையனும் என் மகளும் ஒரே மாதத்துப் பிள்ளைகள். அவன் எட்டுக் கிலோவுக்கு மேல். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பப்பாசி மரம்வரை சொன்னேன். அக்கா ரோட்டிலேயே நின்றுவிட்டா.

"அடி விசரி, அவா சொன்னதை அப்பிடியே செய்தனியே?"

"சொன்னாதானே, அக்கா."

"எனக்கும்தான் சொன்னவா. மூத்தவனுக்கும் இதைத்தான் சொன்னவா. ஓம் மிஸ் எண்டு சொல்லிப்போட்டு வந்து எங்கட பாட்டில குடுக்கிறதுதான். ஆர் அதைக் கேக்கிறது?"

"அப்ப வாங்கில இருந்த எல்லாரும்?"

"எல்லாரும்தான். நீ என்ன, பள்ளிக்கூடமே போறாய், சொன்ன கணக்கைச் செய்துகொண்டு வர?"

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீ செய்வாய் எண்டு ஆர் கண்டது?"

அக்கா சிரிக்கத் தொடங்கி, என் மகளின் மெலிந்த கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினா. பிள்ளையை வாங்கி, மரநிழலில் இருந்து, தானே பால் கொடுத்தா. என் மகள் குடித்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு நன்றியாகவும் இருந்தது, அவாவைப் பிடித்துத் தள்ளவேண்டும்போலவும் இருந்தது.

இப்போது நான் யோசிப்பது இதுதான். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஓம் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விடலாம் என்று எங்கே படித்தார்கள்? எங்கள் வீட்டில் அது இருக்கவில்லை. அதிகாரி ஒருவர் சொன்னால் செய்வோம். பெயர் எழுதச் சொன்னால் எழுதுவோம், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்போம். அப்பா அப்படித்தான் காணிப் பத்திரத்துக்கும் நின்றார், இன்னும் நிற்கிறார். மண்டபம் நிறைந்த தாய்மாரில் உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தவள் நான் ஒருத்திதான், மிஸ். தண்டனையும் எனக்குத்தான்.

வவுனியாப் பெரியாஸ்பத்திரி வார்டில் ஒரு வயதான தாதி இருந்தா. ஏசவில்லை. நான் குழைத்து வைத்திருந்த சோற்றுக் கிண்ணத்தை வாங்கிக் கரண்டியால் அள்ளிச் சரித்துக் காட்டினா. வழிந்து ஓடியது.

"இது சோறில்லை, பிள்ளை, தண்ணி. கரண்டியைச் சரிச்சாலும் விழாமல் நிக்கவேணும். முதல் பாலைக் குடும், பிறகு சோறு. இப்ப பெரிய சாப்பாடு பால்தான்."

"பால் வத்திப்போச்சு."

"வத்தேல்லை. நீர் கேக்கேல்லை, அது வரேல்லை. பிள்ளையைப் போட்டுக்கொண்டே இரும்."

போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும். முதல் கிழமை அவள் கடித்தாள், உதைத்தாள். முலைக்காம்பு வெடித்து இரத்தம் வந்தது. இரண்டாம் கிழமை ஒரு மத்தியானம் அவள் விழுங்கும் சத்தம் கேட்டது. சோற்றைக் கட்டியாகக் குழைத்து, முட்டை மஞ்சட்கருவும் நெத்தலித் தூளும் சேர்த்தேன். பால் குடித்த பிறகு கரண்டியை நீட்டினால் ஒரு நாள் ஆறு, ஒரு நாள் ஒன்று. நான் கன்னத்தைத் தொடவில்லை. பழைய அளவுக்குப் பால் திரும்பி வரவில்லை. பாதிதான் வந்தது. மிச்சம் மரத்தடியில் போய்விட்டது.

ஒன்பதாம் மாதம் தராசில் ஏழு கிலோ இருநூறு. இரண்டு மாதத்துக்கு முன் இருந்த அதே நிறை. நீங்கள் தொட்டியில் இருந்து அவளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினீர்கள்.

"பாத்தீங்களே, தேத்தண்ணியை நிப்பாட்டின உடனை நிறை ஏறீட்டுது. சொன்னாக் கேக்கவேணும்."

நான் "ஓம் மிஸ்" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "விடு. நாளைக்கு ஊசி போட அவங்ககிட்டதானே தூக்கிட்டுப் போகணும்" என்றார். அவரும் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குப் பிரசவ வலி வந்த அன்று அம்புலன்ஸ் பிந்தியபோது மழையில் நனைந்துகொண்டு என்னோடு நின்றது நீங்கள்தான். அதற்கு அன்றே நன்றி சொன்னேன், இன்றும் சொல்கிறேன். உங்களுக்கு நாலு ஊர், ஒரு ஸ்கூட்டி, முடியாத வேலை. எல்லாம் தெரியும். ஆனால் அது வேறு, இது வேறு.

நானும் விட்டிருப்பேன். ஆனால் அன்று மண்டபத்தில் நான் கொப்பியை மடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்ததாக ஒரு பெண் எழும்பி வந்தாள். போன வருஷம்தான் கல்யாணம் செய்து ஊருக்கு வந்தவள். ஏழு மாதப் பிள்ளை. எத்தனை கரண்டி என்று கேட்டீர்கள். மூன்று என்றாள். "பகலில பாலை நிப்பாட்டும்" என்றீர்கள். நீங்கள் அவளையும் நீர் என்றீர்கள். அவள் கையிரண்டையும் பிள்ளைக்குக் கீழே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். வாங்கில் இருந்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்காவும் திறக்கவில்லை. அந்தப் பெண் தலையாட்டியதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் செய்யப்போகிறவள்.

அவள் வீட்டைத் தேடிப் போய்ச் சொன்னேன். என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். எல்லாம் கேட்டாள். "ஆனா மிஸ் அப்பிடிச் சொன்னாங்களே, அக்கா" என்றாள். நான் யார்? தேத்தண்ணி கொடுத்து நிறை குறைத்த தாய். மண்டபத்தில் எல்லாரும் கேட்டது அதைத்தான், அவளும் அதைத்தான் கேட்டிருக்கிறாள். நீங்கள் சொன்னதை நீங்களே திருத்தாவிட்டால் அவள் என் பேச்சை நம்பமாட்டாள்.

ஆகவே இந்த மாதக் கிளினிக்குக்கு வருவேன், மிஸ். முன் வாங்கில் இருப்பேன். பகல் பாலை நிறுத்தச் சொன்னீர்களா, இல்லையா? அதற்குப் பதில் வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு மேசைக்குப் பின்னால் வைத்துச் சொல்லவும் வேண்டாம். தேத்தண்ணி என்று சொன்ன அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தில், அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.