ஆபரேஷன் அன்று வந்த ஜெபம்

இன்று பாளையம்பட்டி பஸ்ஸில் என் சபைத் தோழி பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர் வேண்டாம்.

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு மதுரையில் இருதய ஆபரேஷன். அன்று காலை அவள் வாட்ஸப்பில் ஒரு ஜெபம் அனுப்பியிருந்தாள். ஆபரேஷன் அறை வாசலில் நின்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்து அழுதேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒருவருக்காக ஜெபிக்கிறவள், நல்ல செய்தி வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பாள். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் என் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குத்தான் போன் செய்தேன். "முடிஞ்சிருச்சு, நீ சாப்பிடு" என்றேன்.

இன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு ஒன் ஜெபந்தான் என்னைய நிக்க வச்சுச்சு" என்றேன்.

"அதுவாக்கா? ஏஐகிட்ட கேட்டேன். இட்லி திங்கிறதுக்குள்ள எழுதிக் குடுத்துருச்சு!"

"இட்லி தின்னியா?"

"ஆமக்கா, ஏன்?"

"சாப்பிடுன்னு போன் போட்டேனே?"

"அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காந்திருந்தேன். நல்ல நேரத்துல போட்டீக!" என்று சிரித்தாள்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அழுதது அந்த வார்த்தைகளுக்காக மட்டுமா?

இறங்கும்போது, "மகளுக்கு நாளைக்குப் பிரசவம். ஜெபிச்சுக்கோங்கக்கா" என்றாள்.

நாளை பட்டினி கிடப்பேன். பிறக்கப்போகிற பிள்ளை என்ன பாவம் செய்தது?

பிள்ளை பிறந்ததும், "அக்கா, சாப்பிடுங்க" என்று எனக்குப் போன் செய்யப்போவது யார்? அவளா, ஏஐயா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.