உஷா காடி

ராதாகிருஷ்ணனுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டபோது தாமரைக்கு நாற்பது வயது. கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்துத் தம்பி தங்கைகளைக் கரையேற்றியவள். இனித் தனக்கென்று யாரும் வரப்போவதில்லை என்று முடிவுகட்டியிருந்த நேரத்தில்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மனைவியை இழந்தவர். பிள்ளை இல்லை, குடிப்பழக்கமும் இல்லை.

காப்பாரில் அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான், செத்துப்போன முதல் மனைவி உஷாராணி இன்னும் அங்கிருந்து போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. சுவரில் மாட்டிய படம் தாமரையை உறுத்தவில்லை. அதற்குப் பூப் போட்டுக் கும்பிட்டாள். உறுத்தியது வாசலில் நின்ற கார்தான். உஷா தன் சம்பளத்தில் வாங்கியது அது. அக்கம்பக்கத்தில் எல்லோருமே அதை "உஷா காடி" என்றுதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைக் கழுவித் துடைக்கும் பக்குவத்தைத் தாமரை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். வயிறு எரியும். அந்தக் கை தன் தோளில் ஒருநாளாவது இத்தனை நிதானமாகப் பட்டதுண்டா? செத்தவளோடு என்ன போட்டி என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அடுத்த ஞாயிறும் ஜன்னலண்டை போய் நிற்பாள்.

தீபாவளிக்குச் சேலை எடுக்க இருவரும் அந்தக் காரிலேயே பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனார்கள். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைத் தாமரை தோளில் போட்டுக் காட்டினாள்.

"உஷாவுக்கு இந்தக் கலர்னா உயிரு," என்றார் அவர், யோசிக்காமல்.

அதை மடித்து வைத்துவிட்டு, பிடிக்காத பச்சை ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். அவர் பேச்சு இன்னும் உஷாவை விட்டு நகரவில்லை.

"இதே ரோட்டுலதான் அவ மொத மொத இந்தக் காடிய ஓட்டுனா. கை நடுங்குது, ஆனா வாய் மட்டும் ஓயல. சிரிப்பு தாங்கல லா!"

தன்னோடு பேசும்போது அந்த முகம் இப்படி மலர்ந்து தாமரை கண்டதில்லை. பார்வையைத் திருப்பினாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டில் ஏறி நின்றது. சொல்ல வாயெடுத்தாள்.

"அன்னைக்கு அவ கட்டியிருந்த சேலகூட ஞாபகம் இருக்கு..."

தாமரை வாயை மூடிக்கொண்டாள். எரியட்டும்.

ஷா ஆலாமைத் தாண்டியதும் முன்பக்கம் வெண்புகை கிளம்பியது. எஞ்சின் குலுங்கி அடங்கிவிட்டது.

மேருவில் பாலன் என்பவரின் பட்டறைக்கு லோரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பாலன் இருவரையும் கூப்பிட்டார்.

"ஹோஸ் கிழிஞ்சு தண்ணி பூரா போயிருக்குண்ணே. மேல ஹெட் வளைஞ்சிருச்சு, அத நேராக்கிரலாம். ஆனா அடியில ப்ளாக்கே வெடிச்சிருக்கு. ஒட்டித் தரேன், ஆனா எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. ஜப்பான்லேர்ந்து வந்த எஞ்சின் ஒன்னு நல்லா இருக்கு. மாத்திருங்க."

"மாத்த வேணாம் பாலா. ஒட்டு."

"சூடு ஏறுனப்பவே ஓரங்கட்டியிருந்தா ஹோஸோட போயிருக்கும்ணே."

"நாந்தான் மீட்டரப் பாக்கல. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." வெடிப்பின் மேல் விரலை ஓட்டிய ராதாகிருஷ்ணனின் குரல் கம்மியது.

சந்தோஷப்படுவோம் என்றுதான் தாமரை நினைத்திருந்தாள். மாறாக நெஞ்சு இன்னும் காந்தியது. நாளைக்கு நான் போனால் இந்த மனுஷன் இப்படி உடைவாரா?

"நான் பாத்தேன்," என்றாள். "முள்ளு செவப்புல நின்னதப் பாத்தேன். சொல்லல."

"ஏன்?"

"நீங்க அக்காவப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க. எங்கிட்ட ஒருநாளாச்சும் அப்படிச் சிரிச்சிருக்கீங்களா?"

பாலன் ஸ்பானரோடு பின்பக்கம் நழுவிவிட்டார்.

"நடு ரோட்டுல தீப்புடிச்சிருந்தா? ரெண்டு பேருமே போயிருப்போம், தெரியுமா?" என்று கத்தினார் ராதாகிருஷ்ணன். அதோடு சரி, வீட்டில் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். வைத்ததைச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். தீபாவளியும் பச்சைச் சேலையோடு சத்தமில்லாமல் கழிந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் அவராகவே அவள் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ஒட்டச் சொன்னா பாலன் ஒட்டுவான். ஆனா பக்கத்துல ஒக்காந்து வரப்போறது நீ. எங்கயாச்சும் மழையில நின்னுச்சுன்னா? மாத்தச் சொல்லிட்டேன்."

தாமரை அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப அந்தப் பழைய எஞ்சின்?"

"பாலன்கிட்டயே விட்டுட்டேன்."

"முழுசாவா?"

"ஒரு போல்ட்டுகூட எடுத்துட்டு வரல. போதுமா?"

போதவில்லை. மறுநாள் அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி மேருவுக்குப் போனாள். பழைய இரும்பு வாங்குகிறவர் அந்த எஞ்சினைத் தன் லோரியில் ஏற்றிக் கட்டுவதைப் பட்டறை வாசலில் நின்று கடைசி வரை பார்த்தாள். வரும் வழியில் பாசாரில் இறங்கி, அவருக்குப் பிடிக்குமே என்று நண்டு வாங்கினாள். உஷா அதை எப்படிச் சமைப்பாள் என்று இன்று அவர் ஆரம்பித்துவிடக் கூடாதே என்ற பயம் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.