ஊஜ்தாவில் ஓர் அக்கா

அல்ஜீரியாவின் திலெம்சான் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்த வந்த முதல் பெண் ஸுஹூர். அவள் வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள், அலுவலகத்திலிருந்து யாரோ ஒருத்தி வருகிறாள் என்று நினைத்துப் பையன்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. அவள் கரும்பலகையில் அல்ஜீரியாவையும் மொராக்கோவையும் வரைந்து, நடுவில் எல்லைக் கோட்டைப் போடச் சொன்னாள். எழுந்து வந்த எவனுக்கும் சரியாகப் போட வரவில்லை. பிறகு நோட்டுகளைத் திறந்தார்கள்.

அந்தக் கோட்டுக்கு அப்பால், மொராக்கோவின் ஊஜ்தாவில்தான் அவள் அக்கா ரஹ்மூனா வாழ்க்கைப்பட்டிருந்தாள். காரில் ஒரு மணி நேரம். எல்லை திறந்திருந்த காலத்தில், வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஸுஹூர் கிளம்பிவிடுவாள். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பாடு அக்கா கையால்தான். அண்டை நாடுகளெல்லாம் ஒன்றுசேரப் போகின்றன என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்த வருடங்கள் அவை. வானொலியில் கருத்துச் சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். சோதனைச் சாவடியைக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட மட்டுமே வைத்திருக்கும் காலம் வரும் என்றாள். ரஹ்மூனா பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் உட்காரவைத்து அதைக் கேட்கச் செய்தாள்.

தொண்ணூற்று நாலில் இரு அரசுகளும் முறைத்துக்கொண்டு எல்லையை மூடினார்கள்.

சில வாரங்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு ஸுஹூர் காஸாபிளாங்காவுக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலேறி ஊஜ்தா போய்ச் சேரப் பழகிக்கொண்டாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே அது கட்டுப்படியானது. எல்லைகளைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் ஜெனீவாவரை போயிற்று, அவளும் போனாள். ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: எப்போது திறப்பார்கள்? ஒப்பந்தங்களைச் சொல்லி, இரு தரப்பு வாதங்களையும் வைத்து விளக்குவாள். அதையே அக்கா போனில் கேட்டால் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

பல வருடம் கழித்து, இரு நாட்டுக்கும் இடையே விமானங்களும் நின்றன. அந்தக் குளிர்காலத்தில் திலெம்சானில் அம்மா இறந்தாள். ரஹ்மூனாவால் வர முடியவில்லை.

கடலை ஒட்டி ஓரிடம் உண்டு. எல்லையாக ஓடும் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு சாலை, அந்தப் பக்கம் ஒரு சாலை. சொந்தக்காரர்கள் இரு கரையிலும் நின்று கத்திப் பேசிக்கொள்வார்கள். ரஹ்மூனா பல வருடங்களாக அங்கே வரச்சொல்லிக்கொண்டிருந்தாள். ரோட்டில் நின்று முக்காட்டை ஆட்டவா இவ்வளவு படித்தோம் என்று ஸுஹூர் தட்டிக்கழித்துவந்தாள்.

"தினம் போன்லதான் மூஞ்சியப் பாக்குறியே அக்கா."

"மூஞ்சி தெரியுது. இளைச்சிருக்கியா இல்லையான்னு தெரியலையே. எனக்கு முட்டி போயிட்டே இருக்கு, புரபசரம்மா. நான் நிக்கிறப்பவே வந்துடு."

ஓய்வு பெற்ற மறுமாதம் ஸுஹூர் போனாள். எதிர்க்கரையில் மகளின் தோளைப் பிடித்தபடி, நீல ஜிலாபா அங்கியில் ஓர் உருவம் நின்றது. அக்காதான். ஸுஹூர் கூப்பிட்டாள். ஆயுள் பூராவும் பாடம் நடத்திக் கரகரத்த குரல் ஓடையைத் தாண்டவில்லை. எதிரே நின்ற மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு பருத்த அம்மாள் இரக்கப்பட்டாள்.

"சொல்லு, நான் கத்துறேன். என்ன வேலை பாத்த, தொண்டை இப்படிப் போயிருக்கு?"

"பாடம் எடுத்தேன். நாடும் நாடும் எப்படிப் பேசி ஒத்துப்போறதுன்னு."

"நல்லாத்தான் எடுத்திருக்க, போ." அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். ஸுஹூருக்கும் சிரிப்பு வந்தது.

சொல்ல எவ்வளவோ இருந்தது. அம்மா கடைசியாகக் கூப்பிட்டது ரஹ்மூனாவைத்தான். அதை நேரில், கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டுமென்று வைத்திருந்தாள். ஊரறியக் கத்தச் சொல்கிற விஷயமா அது?

"சாப்பிட்டாளான்னு கேளுங்க," என்றாள்.

அந்த அம்மாள் கத்திக் கேட்டாள். அக்கரையிலிருந்து வந்த பதிலில் பாதி காற்றோடு போயிற்று.

"என்னமோ சொல்றா. உன் பேரு மட்டுந்தான் கேட்டுச்சு."

அடுத்த வருடம் இருவரும் உம்ரா யாத்திரைக்குப் போனார்கள், ஆளுக்கொரு தேசத்திலிருந்து. மதீனாவில் விடுதி வாசலில், சக்கர நாற்காலியில் இருந்த அக்காவின் மடியில் ஸுஹூர் முகம் புதைத்தாள். அம்மா கூப்பிட்டதை அங்கேதான் சொன்னாள். ரஹ்மூனா வெகுநேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பத்து நாள் ஒரே அறையில் படுத்தார்கள். பிறகு விமான நிலையத்தில் வேறு வேறு வரிசைகளில் பிரிந்தார்கள்.

இப்போதும் எல்லை மூடித்தான் இருக்கிறது. மழை பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். ஊஜ்தாவில் பெய்துவிட்டுத் திலெம்சானுக்கு வரும். இங்கே கிளம்பிவிட்டது, மாடித் துணியை எடு என்று அக்கா போன் செய்வாள். ஸுஹூர் காயாத துணிகளை அள்ளி உள்ளே போட்டுவிட்டு, மேற்கு ஜன்னலில் போய் நிற்பாள்.